சாவி யாருடையது?

போர்த்துக்கீசியம் கற்கத் தொடங்குவோர் முதலில் பயிலும் பாடங்களுள் உடைமை பற்றிய வினாக்கள் உண்டு: 'இது யாருடையது?', 'என் சாவி எங்கே?', 'இந்தப் பேனா உங்களுடையதா?' பொருட்பெயர்கள் தமிழருக்குப் புதியனவல்ல. சாவி, மேசை, அலமாரி, பேனா எல்லாம் அம்மொழியிலிருந்து வந்து தமிழில் நிலைத்தவை. தடுமாற்றம் 'என்' என்ற சிறு சொல்லில்தான். புத்தகம் ஆண்பால் என்பதால் 'மெவு'. சாவி பெண்பால் என்பதால் 'மிஞ்ஞ'. பேசுபவர் ஆணா பெண்ணா என்பது இங்கு பொருட்டல்ல. உடைமைப் பொருளின் பாலே சொல்லின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

இதே பாடத்தைப் பாடநூலின்றிக் கற்ற ஒரு தலைமுறை இந்தியாவில் இருந்தது. 1510இல் கோவாவைக் கைப்பற்றிய அல்புகெர்க், தம் படையினர் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடியமர்வதை ஊக்குவித்தார். அத்தகைய குடும்பங்களிலும், கடற்கரைக் கோட்டைகளை ஒட்டிய கிறித்தவக் குடியிருப்புகளிலும் இந்தோ-போர்த்துக்கீசியக் கிரியோல் மொழிகள் உருவாயின. அங்கே 'என்' பெரும்பாலும் ஒரே வடிவமாயிற்று. பால் வேறுபாடு உதிர்ந்தது.

அதைவிடக் கவனத்திற்குரியது 'மரியாவின் சாவி' போன்ற தொடர். போர்த்துக்கீசியம் சாவியை முன்னும் மரியாவைப் பின்னும் வைத்து, இடையில் 'த' என்ற முன்னிடைச்சொல்லால் இணைக்கும். கண்ணூர், கொச்சி, கொர்லை, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் கிரியோல்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கின. மரியா முதலில் வருவாள், அடுத்து 'சு', பிறகே பொருள். 'அவருடைய' எனப் பொருள்படும் 'செவு' என்ற போர்த்துக்கீசியச் சொல்லே 'சு' எனக் குறுகி, தமிழின் 'உடைய' போலவும் மலையாள, மராத்தி வேற்றுமை உருபுகள் போலவும் பெயருக்குப் பின் நின்றது. டாமன், டையூ கிரியோல்களோ பழைய 'த' அமைப்பைக் காத்தன.

இவ்வேறுபாட்டுக்கு அரசியல் வரலாறு ஒரு விளக்கம் தருகிறது. மட்டக்களப்பில் போர்த்துக்கீசிய ஆதிக்கம் 1638இலும், கொச்சியிலும் கண்ணூரிலும் 1663இலும், கொர்லையில் 1740இலும் முடிந்தது. டாமனிலும் டையூவிலும் அது 1961 வரை நீடித்தது. பள்ளியும் அலுவலகமும் போர்த்துக்கீசியத்திலேயே இயங்கிய ஊர்களில் அதன் இலக்கணத்தின் பிடியும் நீடித்தது. ஆட்சி அகன்ற ஊர்களில், வீட்டிலும் தெருவிலும் உடன்வழங்கிய மொழிகளின் அமைப்பு மேலோங்கியது.

இம்மொழிகள் நெடுங்காலம் 'சிதைந்த போர்த்துக்கீசியம்' என இகழப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூகோ ஷுகார்ட்டும், அவரைத் தொடர்ந்து கோவாவைச் சேர்ந்த செபஸ்தியாவ் ரொடோல்ஃபோ தல்காதோவும் இவற்றை ஆய்வுக்குரிய மொழிகளாக ஏற்று ஆவணப்படுத்தினர். 'சு' என்ற ஓரசை உருபே அவர்களுடைய அணுகுமுறையின் நியாயத்தைக் காட்டப் போதுமானது. இலக்கணம் தெரியாதவரின் பிழை நபருக்கு நபர் மாறும். இவ்வுருபோ முறை பிறழாமல் தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது.

கொச்சியை அடுத்த வைப்பீனில் இம்மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2010இல் மறைந்தார். கொர்லையிலும் மட்டக்களப்பிலும் அது இன்னும் பேசப்படுகிறது. அங்கே 'இது யாருடையது?' என்ற கேள்விக்கு விடை இன்றும் 'சு' என்ற உருபோடுதான் வருகிறது.