1950இன் இரட்டை வெற்றியும் அதன் வீழ்ச்சியும்

விளையாட்டைச் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்டதாகக் கருதும் போக்கு நீண்டகாலமாக நிலவி வருகின்றது. ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட வரலாற்றின் ஓர் அத்தியாயத்தைக் கொண்டு அப்போக்கினை நாம் பரிசீலிக்கலாம்.

பருவகால ஆட்டங்கள் முடிவுற்றபின், தேர்ந்த அணிகளுக்கென இரு சுற்றுப்போட்டிகள் அங்கு நடைபெற்று வந்தன. தேசிய அழைப்புச் சுற்றுப்போட்டி 1938இலும், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் சுற்றுப்போட்டி 1939இலும் தொடங்கின. 1950 மார்ச்சில் நியூயோர்க் சிற்றி கொலிஜ் இரண்டிலும் வாகை சூடியது. ஒரே ஆண்டில் இதனைச் சாதித்த அணி வேறில்லை. 1847இல் நிறுவப்பெற்ற அக்கல்லூரி அன்று கட்டணமின்றிக் கல்வி வழங்கியது. குடியேறிய உழைப்பாளரின் பிள்ளைகள் பெருந்தொகையினராக அங்கு பயின்றனர். யூதரும் கறுப்பினத்தவருமே அணியின் முதன்மை ஆட்டக்காரர். வெள்ளையரை மட்டுமே கொண்ட கென்டக்கிப் பல்கலைக்கழக அணியை அவர்கள் 89-50 என வென்றனர். இரு இறுதியாட்டங்களிலும் பிராட்லி அணியை முறையே 69-61, 71-68 எனத் தோற்கடித்தனர்.

ஓராண்டு நிறையுமுன், 1951 பெப்ரவரியில், அவ்வணியைச் சேர்ந்த மூவர் கைதாயினர். சூதாட்டப் பந்தயம் வெற்றி தோல்வி மீதன்றிப் புள்ளி வித்தியாசத்தின் மீதே கட்டப்பட்டது. ஆதலால் ஆட்டக்காரர் தோற்கவேண்டியதில்லை. குறைந்த வித்தியாசத்தில் வென்றாலே போதும். அதற்கெனப் பணம் பெற்றனர் என்பதே குற்றச்சாட்டு. விசாரணை விரிய, 7 கல்லூரிகளைச் சேர்ந்த 32 ஆட்டக்காரர் அகப்பட்டனர். கென்டக்கி, பிராட்லி அணியினரும் இவர்களுள் அடங்குவர். ஆகவே, இதனை நியூயோர்க்கின் தனி நோயாகக் கொள்ளுதல் பொருந்தாது.

நோயின் மூலத்தைப் பொருளாதார அடித்தளத்திலேயே தேடவேண்டும். மடிசன் ஸ்குவெயார் கார்டன் அரங்கில் 1934 முதல் ஓரிரவில் இரு கல்லூரி ஆட்டங்கள் நடத்தப்பட்டன. அவை இலாபகரமான வணிகமாயின. அரங்கத்தாரும் கல்லூரிகளும் பந்தயத் தரகரும் பயனடைந்தனர். ஆட்டத்தை உருவாக்கிய உழைப்புக்கோ ஊதியம் மறுக்கப்பட்டது. அம்மறுப்பே 'தூய்மை' எனப் போற்றப்பட்டது. கையூட்டுப் பெற்றமையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் தண்டனை எவர்மீது இறங்கியது என்பதே வினா. இளைஞர் சிலர் சிறை சென்றனர்; தொழின்முறை ஆட்டத்தின் கதவும் அவர்களுக்கு அடைக்கப்பட்டது. அரங்கின் வாயிலோ திறந்தேயிருந்தது.

சிற்றி கொலிஜ் பின்னர் அந்நிலையை எட்டவேயில்லை. 1976இல் அதன் கட்டணமற்ற கல்வியும் முடிவுற்றது. மாணவ ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்ட 2021இலேயே அச்சங்கம் இசைந்தது. 1951இல் தனிமனித ஒழுக்கக்கேடாக மட்டும் தீர்ப்பிடப்பட்டது, உழைப்பின் பயன் எவருக்குரியது என்ற பழைய பிரச்சினையே என்பதை இவ்விசைவு நமக்கு உணர்த்துகின்றது.