பொய் சொல்லும் லைட் மீட்டர்

பரணைச் சுத்தம் பண்ணும்போது தாத்தா காலத்து கேமரா ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேலை செய்கிறது, லென்ஸில் பூஞ்சை இல்லை. கடையில் அதே சைஸ் பட்டன் பேட்டரி வாங்கிப் போட்டால் லைட் மீட்டர் முள்ளும் ஆடுகிறது. சந்தோஷமாக ஒரு ரோல் எடுத்துக் கழுவக் கொடுத்தால், வருகிற படமெல்லாம் ஒரே இருட்டு. பழி கேமராவின் வயசு மேல் விழுகிறது. பாவம், பல சமயம் குற்றவாளி அது இல்லை. உள்ளே போட்ட புது பேட்டரிதான்.

ஆரம்பத்தில் இந்தப் பிரச்சனையே கிடையாது. 1935ல் ஜெர்மனியின் ஸைஸ் ஐகான் கம்பெனி காண்டாஃப்ளெக்ஸ் கேமராவில் மீட்டரை உள்ளேயே வைத்தபோது அதற்கு பேட்டரி தேவைப்படவில்லை. செலினியம் என்ற பொருள் மேல் வெளிச்சம் பட்டால் அதுவே கொஞ்சம் மின்சாரம் தரும் (கால்குலேட்டரின் சோலார் பட்டை மாதிரி). அது ஒரு முள்ளை நகர்த்தும், அவ்வளவுதான். 1961ல் வந்த முதல் கேனோநெட்டில் லென்ஸைச் சுற்றி வளையமாக இருப்பது இதுதான். ஆனால் செலினியத்துக்கு மாலைக்கண். வெளிச்சம் மங்கினால் ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்கு இடத்தையும் நிறைய அடைக்கும்.

1960களில் காட்மியம் சல்பைடு வந்தது. சின்னப் பொட்டு அளவு இருந்தால் போதும், மங்கல் வெளிச்சத்தையும் அளக்கும். ஆனால் இது மின்சாரம் தராது. வெளிச்சம் கூடக் கூட இதன் மின்தடை குறையும், அவ்வளவே. மின்சாரத்தை வேறு யாராவது கொடுக்க வேண்டும். அங்கேதான் மெர்க்குரி பேட்டரி நுழைகிறது.

இரண்டாம் உலகப் போரில் வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடுகளில் சாதாரண பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போனதால், அமெரிக்க ராணுவத்துக்காக சாமுவேல் ரூபன் உருவாக்கியது இது. தயாரித்தது மல்லோரி கம்பெனி. நமக்குத் தெரிந்த ட்யூராசெல் அதன் வாரிசுதான். இந்த பேட்டரியின் விசேஷம், போட்ட நாளில் இருந்து தீரும் நாள் வரை கிட்டத்தட்ட ஒரே 1.35 வோல்ட் தரும். தீரும்போது பொசுக்கென்று விழுந்துவிடும்.

கேமரா எஞ்சினியர்களுக்கு இது வரப்பிரசாதம். வோல்டேஜைச் சீராக வைக்க தனி சர்க்யூட் எதற்கு? பேட்டரியே சீராக இருக்கிறதே! செலவும் மிச்சம், இடமும் மிச்சம். அதாவது, தராசில் எடைக்கல் மாதிரி அந்த 1.35 வோல்ட்டை நம்பி மீட்டரை அளவு பண்ணிவிட்டார்கள். ஹைன்ஸ் வாஸ்கே வடிவமைத்து 1966ல் வந்த ரோலை 35 இதற்கு நல்ல உதாரணம். சட்டைப்பைக்குள் போகிற முழு 35 மி.மீ. கேமரா, மேல் தட்டில் மீட்டர் முள், உள்ளே பி.எக்ஸ். 625 என்ற மெர்க்குரி பேட்டரி. மீட்டரை அணைக்க ஸ்விட்ச் கூடக் கிடையாது. உறைக்குள் போட்டு இருட்டாக்கினால் சரி. அதே கேனோநெட் கூட 1972ல் வந்த ஜி 3 மாடலில் செலினியத்தை விட்டுவிட்டு இந்த பேட்டரிக்கே மாறியிருந்தது.

பாதரசம் என்ன செய்யும் என்று ஜப்பானுக்கு அப்போதே தெரியும். மினமாட்டாவில் சிஸ்ஸோ ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவு, மீன் வழியாக மனிதர்களின் நரம்பைத் தாக்கியது 1956ல் வெளியே வந்தது. (கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001ல் ஏன் மூடப்பட்டது என்று அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.) பேட்டரியில் இருப்பது அதே வகைப் பாதரசம் இல்லைதான். ஆனால் குப்பையோடு எரிந்தால் காற்றில் கலக்கும், புதைத்தால் மண்ணில் இறங்கும். அமெரிக்கா 1996ல் சட்டம் போட்டு மெர்க்குரி பட்டன் பேட்டரி விற்பனையை நிறுத்தியது. ஐரோப்பிய யூனியனில் 2000ல் தடை வந்தது. தடை சரியானதே, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் எடைக்கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், தராசுகள் மட்டும் வீடு வீடாக மிச்சம்!

அந்த இடத்துக்கு வந்தது அல்கலைன். உருவம் அதேதான். ஆனால் புதிதில் 1.5 வோல்ட், பிறகு நாளுக்கு நாள் இறங்கும். வோல்ட் கூடினால் முள்ளும் கூட நகரும். வெளிச்சம் ஏகத்துக்கு இருக்கிறது என்று நம்பி நாம் குறைவாகத் திறப்போம். தப்பு ஒரு ஸ்டாப் வரை கூடப் போகலாம், அதாவது ஃபிலிமுக்குச் சேர வேண்டியதில் பாதி வெளிச்சம்தான் சேரும். இறங்கும் வழியில் ஏதோ ஒரு நாள் பேட்டரி 1.35ஐத் தொடும். அன்றைக்கு மட்டும் மீட்டர் உண்மை பேசும். எந்த நாள் என்பது அதற்கே வெளிச்சம்.

கலர் நெகட்டிவ் போட்டவர்களில் பலருக்கு இது உறைக்காமலே போனது. நெகட்டிவ் ஓரளவு தாங்கும், மிச்சத்தை லேப்காரர் பிரிண்ட் போடும்போது சரிக்கட்டிவிடுவார். ஸ்லைடு ஃபிலிமில் அந்தப் பாச்சா பலிக்காது. அரை ஸ்டாப் தப்பினாலே அப்பட்டமாகத் தெரியும்.

எல்லா கேமராவும் இப்படி இல்லை. 1979ல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்.ஏ. இன்றும் கிடைக்கிற சில்வர் ஆக்சைடு பேட்டரியிலேயே ஓடுகிறது. செலினியத்தை விடாமல் 1984 வரை தயாரான ஒலிம்பஸ் ட்ரிப் 35க்கோ பேட்டரியே வேண்டாம். செல் மட்டும் ஈரத்தில் கெடாமல் இருந்தால் போதும். பழைய டெக்னாலஜி புதியதை முந்திக்கொண்ட வேடிக்கை இது.

மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வழிதான். சில்வர் ஆக்சைடு 1.55 வோல்ட்டில் சீராக நிற்கும். தப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால் ஐ.எஸ்.ஓ. எண்ணைக் குறைத்து வைத்துச் சமாளிக்கலாம். வோல்டேஜை இறக்கும் டயோடு வைத்த அடாப்டரும் உண்டு. இல்லாவிட்டால் காது மெஷினுக்குப் போடும் 675 நம்பர் ஸிங்க் ஏர் பேட்டரி. அது ஏறக்குறைய 1.4 வோல்ட், சுற்றிலும் ஒரு வளையம் வைத்தால் சரியாக உட்காரும். ஸ்டிக்கரை உரித்த சில மாதங்களில் உயிரை விட்டுவிடும் என்பதுதான் சிக்கல். அதிலும் ரோலை 35ல் பேட்டரி இருப்பது பின்மூடிக்கு உள்ளே, ஃபிலிம் பக்கத்தில். பாதி ரோலில் பேட்டரி போனால் மூடியைத் திறக்க வழியில்லை. மீதிப் படங்களுக்கு அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் மாதிரி வானத்தைப் பார்த்து, நல்ல வெயிலா, எஃப் 16 வை, ஷட்டரை ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு வை என்று கண்ணால் கணக்குப் போட வேண்டியதுதான்.