மடை திறக்க மூழ்கியவர்: அல்சூர் ஏரிக்கரையிலிருந்து ஒரு குறிப்பு

மழைக்காலம் தொடங்கியதும் சமூக ஊடகங்களில் ஒரு செய்தி தவறாமல் சுற்றத் தொடங்கும். நிரம்பிய ஏரிக்குள் உயிரைப் பணயம் வைத்து மூழ்கி மடையைத் திறந்தவனே ‘மடையன்’. பெருமைக்குரிய அச்சொல் பின்னாளில் வசையாகத் தேய்ந்தது என்பது அதன் சாரம். சொல்வரலாறு இதற்கு இடந்தரவில்லை. பழைய வழக்கில் மடையன் சமையற்காரன். மடை என்பதற்குச் சோறு, படையல் என்னும் பொருள்கள் உண்டு. கோயில் மடைப்பள்ளி இன்றும் அதற்குச் சான்று. வசைச்சொல்லோ மடம், மடமை என்பவற்றோடு சேர்வது. ஆயினும் சொற்பிறப்பு பிழை என்பதால் மூழ்கியவர் கற்பனையாகிவிட மாட்டார்.

அவரைத் தேடுவதற்கு இரு மொழிகளும் கலந்து வாழும் பெங்களூரின் அல்சூர் நல்ல இடம். பலாவால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் ஊர் அது. பழங்கன்னடப் ‘பலசு’, சொன்முதல் பகரம் ஹகரமானபின் ‘ஹலசு’ ஆயிற்று. அந்த ஹகரத்தையும் தமிழ் நா விட்டுவிட, ஹலசூரு அல்சூராயிற்று. ஏரியின் சொல்லும் இப்படியே. தமிழின் தூம்பு கன்னடத்தில் தூபு. நெடிலை அடுத்த மெல்லினம் அங்கே மறைவது இயல்பு (தோண்டு – தோடு). ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரியில் இன்று படகுகள் ஓடுகின்றன. பாய்ச்சுவதற்கு வயல் இல்லை.

தென்னிந்திய ஏரித் தூம்பின் அமைப்பு எளியது. கரைக்கு உட்புறம், நீருக்குள் இரு கற்றூண்கள். அவற்றுக்கிடையே துளையிட்ட குறுக்குக் கற்கள். அத்துளைகளின் வழியே இறங்கும் நீண்ட கழி. கழியின் நுனியில், அடிக்கல்லின் துளையை அடைக்கும் மரமுளை. தூணுக்கு நீந்திச் சென்று கழியை உயர்த்தினால் போதும். கழி முறிந்தாலோ, முளை சேற்றில் இறுகினாலோ மூச்சடக்கி மூழ்கியே தீர வேண்டும். ஆபத்து ஆழத்தில் இல்லை, அந்தத் துளையில்தான். 5 மீட்டர் ஆழத்தில், மறுபுறம் காற்று வெளியாயிருக்க, 20 செ.மீ. விட்டமுள்ள துளையை ஓர் உடல் அடைத்தால் அதன்மேல் ஏறத்தாழ 157 கிலோ எடைக்கு நிகரான விசை அழுத்தும். கையோ காலோ சிக்கினால் மேலிருந்து இழுத்து மீட்பது அரிது.

1943இல் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய சுவாசக் கருவி மூச்சுக் கவலையைத் தீர்த்தது. இந்த விசையைத் தீர்க்கவில்லை. அதனால்தான் இன்று அணைகளின் மதகருகே முக்குளிப்போர் இறங்குமுன் நீர்போக்கிகள் அடைக்கப்பட்டுப் பூட்டப்பட வேண்டும் என்பது தொழில்விதி. ஏரியில் மூழ்கியவருக்கு இவ்விதி பொருந்தாது. அடைப்பை நீக்குவதே அவர் வேலை. நீர் பாயும் கணத்தில் அவர் துளையருகேதான் இருந்தாக வேண்டும்.

புதுக்கோட்டை வட்டாரத்துக் குமிழிக் கல்வெட்டுகள் தூம்பை நிறுவியவரின் பெயரைச் சொல்கின்றன. ஏரி கட்டியவருக்கும் பேணியவருக்கும் கன்னட நாட்டில் ‘கட்டுக்கொடகி’ என்ற பெயரில் நிலக்கொடை உண்டு. தூம்பைத் திறந்து மூடியவரோ பெயரால் அன்றிப் பணியால் மட்டுமே அறியப்படுகிறார்: தமிழில் நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன், கன்னடத்தில் நீரகண்டி. ‘மடையன்’ பதிவைப் பகிர்வோர் இந்தச் சொற்களை விட்டுவிடுவது வியப்பே. இவற்றைத் தொட்டால் சாதியையும் தொட வேண்டிவரும். இப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். மடைக்குடும்பன் என்னும் பெயரிலேயே அது இருக்கிறது. கூலியோ, அறுவடைக் களத்தில் பாசனக்காரர் ஒவ்வொருவரும் அளந்து கொடுத்த தானியம்.