பிழைபட்ட காசுகள் பேசும் வரலாறு

பதினான்காம் நூற்றாண்டில் மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆட்சி புரிந்த சுல்தான்களைப் பற்றி நமக்குக் கிட்டியுள்ள எழுத்துச் சான்றுகள் மிகச் சிலவே. முதற் சுல்தானாகிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகளை மணந்திருந்த இப்னு பதூதா, தாம் கண்டவற்றைத் தம் பயண நூலில் விவரித்துள்ளார். அவர் மதுரையை விட்டு அகன்ற பின்னர் நிகழ்ந்தவற்றை அறியச் சுல்தான்கள் வெளியிட்ட காசுகளே பெருந்துணை. ராட்ஜர்ஸ், ஹுல்ஷ் முதலிய அறிஞர்கள் அவற்றைப் படித்தே சுல்தான்களின் வரிசையை வகுத்தனர். ‘ஏழை எளியோரின் தந்தை’ என்ற பொருள்படும் பட்டத்தை அஹ்சன் ஷா தாங்கியிருந்தார் என்பதும் காசு சொன்ன செய்தியே. இறுதிச் சுல்தானாகிய அலாவுத்தீன் சிக்கந்தர் ஷாவின் காசுகள் ஹிஜ்ரி 779 (கி.பி. 1377-78) வரை கிடைத்திருப்பதால்தான், விசயநகரத்துக் குமார கம்பணரின் படையெடுப்புக்குப் பிறகும் அவ்வாட்சி அடியோடு மறைந்துவிடவில்லை என அறிகிறோம்.

விரல் நுனியில் அடங்கும் ஒரு செப்புக்காசு இத்துணைப் பெரிய உண்மையை உரைக்குமாயின், அதில் நேர்ந்த ஒரு பிழை நம்மை எவ்வளவு தொலைவு வழி தவறச் செய்யும்! ஆகவே, பிழை எப்படி நேர்ந்தது என்று ஆராய்வது வீண் வேலையன்று.

அக்கசாலையில் நேர்ந்தவை

அக்காலத்தில் காசுகள் யாவும் கையால் அடிக்கப்பட்டவை. கீழ் அச்சு அடைகல்லில் பொருத்தப்பட்டிருக்கும். அதன்மீது உலோகத் துண்டை வைத்து, மேல் அச்சை அதன்மேல் நிறுத்தி, சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். துண்டை அச்சுகளுக்கிடையே வைப்பவர் ஒருவர், சம்மட்டி அடிப்பவர் மற்றொருவர் என வேலை பிரிந்திருந்ததை, அக்பர் காலத்து அக்கசாலையை விவரிக்கும் அபுல் ஃபஸல் எழுதியுள்ளார். இத்தனை கைகள் மாறும் வேலையில் பிழை நேர்வது இயல்பே.

துண்டு நடுவில் அமையாவிடில் ஒரு பக்கம் வெறுமையாகி, மறுபக்கத்து எழுத்து வெளியே போய்விடும். அச்சைவிடத் துண்டு சிறிதாயின் விளிம்பிலுள்ள எழுத்துகள் விழா. ஆண்டு விளிம்பில் பொறிக்கப்படும் காசுகளில் அதுவே முதலில் பறிபோகும். முதல் அடிக்குப் பின் துண்டு சற்றே நகர, மீண்டும் அடித்தால் எழுத்து இரட்டையாகத் தெரியும். சில வேளைகளில், அடிபட்ட காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனைக் கவனியாது அடுத்த துண்டை வைத்து அடித்தால், ஒட்டியிருந்த காசே அச்சாகிவிடும். புதிய காசின் ஒரு பக்கம் செவ்வையாக விழ, மறுபக்கத்தில் அதே எழுத்து பள்ளமாகவும் இடவலம் மாறியும் பதியும்.

இவற்றினும் வேறானது அச்சு வெட்டுபவரின் பிழை. காசில் எழுத்து நேராக விழ வேண்டுமானால் அச்சில் அது தலைகீழ் வரிசையில், கண்ணாடியிற் காண்பதுபோல் வெட்டப்பட வேண்டும். வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு எழுத்தை அவர் இடமிருந்து வலமாகச் செதுக்க வேண்டும். ஒரு கணம் மறந்து ஓரெழுத்தை வழக்கம்போல் வெட்டிவிட்டால், அது காசில் திரும்பியே விழும்.

யாருடைய பிழை?

சம்மட்டி அடித்தவர் பிழையா, அச்சு வெட்டியவர் பிழையா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. அதே அச்சில் அடித்த மற்றொரு காசைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே பிழை அதே இடத்தில் இருந்தால் அது அச்சின் பிழை. அந்த ஒரு காசில் மட்டும் இருந்தால் அடியின் பிழை. அச்சில் விரிசல் கண்டால் அது நாளுக்கு நாள் வளரும். எனவே விரிசல் கோடு சிறிதாயுள்ள காசு முந்தியது, பெரிதாயுள்ளது பிந்தியது என வரிசைப்படுத்தவும் இயலும். பிழையே இங்கு நாட்காட்டியாகிறது!

மூன்றாவது பிழை ஒன்றுண்டு. அது படிப்பவருடையது. அரபியில் ஏழைக் குறிக்கும் ‘ஸப்உ’, ஒன்பதைக் குறிக்கும் ‘திஸ்உ’ ஆகிய இரு சொற்களும் புள்ளியிடாது எழுதப்பட்டால் ஒன்றுபோலவே தோன்றும். எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் உரிய சொற்களும் அவ்வாறே. எனவே 779 என்ற ஆண்டு புள்ளியின்றி எழுத்தால் எழுதப்பட்டால் அதை 777 என்றோ, 797 என்றோ படித்துவிட இடமுண்டு. ஓர் அரசின் ஆயுள் இருபது ஆண்டு நீள்வதும் குறைவதும் இரண்டு புள்ளிகளைப் பொறுத்ததாகிவிடுகிறது. இங்கே அக்கசாலையின் மீது பழி போடுவது முறையாகாது. மற்றக் காசுகளோடும் நூற்சான்றுகளோடும் ஒப்பிட்டே முடிவு காண வேண்டும்.

நம் கடமை

வீரசோழன், திருச்சுழி, அருப்புக்கோட்டை என்று பரந்து கிடக்கும் நம் வானம் பார்த்த பூமி, மதுரைக்கு அணித்தேயுள்ள பழைய பாண்டிய மண். பழங்காசுகளைப் பெட்டியில் பேணிவரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவற்றைப் புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்குவது பெருந்தவறு. எஞ்சியுள்ள எழுத்தும் அதனோடு கரைந்து போகும். “இது கோணலாயிருக்கிறது, செல்லாக்காசு” என்று பாத்திரக்கடைக்கு எடைக்குப் போடுவது அதனினும் தவறு. மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி என்பதையும் நினைவில் கொள்வோமாக.

காசு கிடைத்த இடத்தையும் அதனோடு கிடைத்தவற்றையும் குறித்து வைத்து, அறிந்தோரிடம் காட்டுங்கள். கோணல் காசு என நாம் ஒதுக்கிய ஒன்று, நாணயம் அடித்த கையின் தடத்தையும், ஏடுகள் விட்டுவிட்ட ஓர் ஆண்டையும் தன்னுள் தாங்கியிருக்கக் கூடும்.