22 எழுத்து

நம் இரண்டாவது குரோமோசோமில், இரண்டு மரபணுக்களுக்கு நடுவே புறம்போக்கு நிலம் போலக் கிடக்கும் ஓரிடத்தில் அது பிறக்கிறது. பெயர் மிர்-375. பிறக்கும்போது நீளமான ஆர்.என்.ஏ இழை; நடுவில் கொண்டை ஊசி மாதிரி மடிந்திருக்கும். உட்கருவுக்குள்ளேயே டிரோஷா என்கிற நொதி இருபக்கத்தையும் நறுக்கிவிட்டு ஊசியை மட்டும் விட்டுவைக்கிறது. அது உட்கருவைத் தாண்டி வெளியே வந்ததும், டைசர் என்கிற இன்னொரு நொதி வளைவை வெட்டித் தள்ளுகிறது. இரண்டு சின்ன இழைகள் மிஞ்சும். அவற்றில் மூன்று 'யு' எழுத்துகளோடு தொடங்குகிற 22 எழுத்து இழையை ஆர்கோனாட் புரதம் கவ்விக்கொள்கிறது. அதுதான் நம் ஆள்.

புரதம் எதையும் அது உண்டாக்காது. புரதம் தயாரிக்கப் புறப்பட்ட தூது ஆர்.என்.ஏ.க்களில் தனக்குப் பொருந்தும் எழுத்துகளைத் தேடி ஒட்டிக்கொண்டு, உற்பத்தியைக் குறைக்கும். இப்படிப்பட்ட குட்டி இழைகளுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ என்று பெயர்; அவை எல்லாவற்றுக்கும் இதுதான் பிழைப்பு. 1993-இல் ஒரு புழுவில் முதலாவதைக் கண்டதற்காக விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் 2024-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மிர்-375 வெளிச்சத்துக்கு வந்தது 2004-இல், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில். மார்கஸ் ஸ்டோஃபெல் குழுவினர் சுண்டெலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அளவைக் கூட்டினால், சர்க்கரை ஏறும்போது வரவேண்டிய இன்சுலின் குறைந்தது. அடக்கினால் கூடியது. எனக்கு இந்த இடம்தான் புரியாமல் இருந்தது. இன்சுலினுக்குத் தடை போடுகிற ஒன்று, இன்சுலின் சுரக்கும் செல்லிலேயே ஏன் இப்படிக் குவிந்து கிடக்கிறது?

விடை ஒரு மீனிடம் இருந்தது. வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். இன்சுலின் செல்கள் எல்லாம் ஒரே இடத்தில் சின்னத் திட்டாகச் சேர்ந்திருக்கும். 2007-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் மிர்-375-ஐ முடக்கிவிட்டுப் பார்த்தார்கள். திட்டு கலைந்து, செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. 2009-இல் ஸ்டோஃபெல் குழுவினர் மிர்-375 அறவே இல்லாத எலிகளை உண்டாக்கினார்கள். அவற்றில் பீட்டா செல்கள் குறைந்து, சர்க்கரையை ஏற்றும் குளூக்ககான் சுரக்கும் ஆல்ஃபா செல்கள் பெருகி, ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தது. ஆக, சுரப்பை அளவோடு வைக்கிற அதே துணுக்குதான் பீட்டா செல் கூட்டத்தையும் குலையாமல் காக்கிறது. அதே ஆண்டு புனேயின் தேசிய செல் அறிவியல் மைய ஆய்வாளர்கள், மனிதக் கருவின் கணையம் உருவாகும் காலத்திலும் மிர்-375 மிகுந்திருப்பதைக் காட்டினார்கள்.

அடுத்த ஊர் ஆய்வகத் தட்டு. ஸ்டெம் செல்லை பீட்டா செல்லாக்க, வாரக்கணக்கில் ஊட்ட நீரை மாற்றி மாற்றி, கரு நடக்கும் படிகளிலேயே அதை நடத்திப் போகிறார்கள். 2014-இல் ஈரானிய ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். மனித ஸ்டெம் செல்லுக்குள் வைரஸ் வழியாக மிர்-375-ஐ ஏற்றினார்கள். இன்சுலின் உண்டாக்கும் செல்கள் கிடைத்தன. நீரிழிவால் இன்சுலின் ஊசியும் பையுமாகப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. ஆனால் இன்சுலின் இருக்கும் செல் வேறு. சர்க்கரையை அளந்து, வேண்டியபோது விட்டு, போதும் என்றதும் நிறுத்தும் செல் வேறு. அந்த அளவுக் கட்டுப்பாட்டிலும் மிர்-375-க்குப் பங்கு உண்டு என்பதால், அதை எப்போது ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது என்பதுதான் வேலையின் கடினமான பாதி.

பயணம் செல்லோடு முடியவில்லை. பீட்டா செல் உடைந்தால் மிர்-375 ரத்தத்தில் கசிகிறது. 2013-இல் கனடிய ஆய்வாளர்கள், தானாகவே நீரிழிவுக்கு ஆளாகும் எலிவகை ஒன்றைப் பார்த்துவந்தார்கள். நோய் தெரிய இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே, அந்த 22 எழுத்து ரத்தத்தில் கூடியிருந்தது.