வெட்டிய மரம் ஏன் திரும்ப முளைக்கிறது? வளவில் வேண்டாத வேர்களும் தளிர்களும்

ஊரில் மரம் தளிர்ப்பது எமக்கு வரவு. பூவரசங் கதியாலை வெட்டி ஊன்றினால் வேர் பிடித்து வேலியாகும். கிளுவையைத் தறித்தால் ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் கிடைக்கும். ரொறன்ரோவில் வீடு வாங்கிய எம்மவருக்கு அதே தளிர் தலையிடியாகிறது. வேண்டாத மரத்தை ஆள் பிடித்துத் தறிப்பித்தால், அடுத்த கோடையில் புல்தரையெங்கும் பத்திருபது தளிர்கள் எழும்பி நிற்கும்.

காரணம் எளிது. மரத்தின் கையிருப்பு தண்டில் மட்டுமல்ல, வேரிலும் இருக்கிறது. இலை கோடை முழுவதும் மாச்சத்தைத் தயாரித்து வேருக்கு அனுப்பிச் சேமிக்கிறது. உச்சியில் மரம் நிற்கும்வரை அங்கிருந்து இறங்கும் ஊக்கி, வேரிலுள்ள மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். தண்டை வெட்டியதும் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். சேமிப்போ அப்படியே இருக்கும். கணக்கு வேலை பார்க்கும் எமது கண்ணுக்கு இது கடையைப் பூட்டிவிட்டு வங்கிக் கணக்கைத் திறந்து விட்டது போன்றது. ஒவ்வொரு தளிரும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்த செலவு. ஆனால் அது இலை விரித்து நின்றால், எடுத்ததைவிடக் கூடுதலாகத் திரும்ப வைப்பிலிடும்.

ஆகவே முதலில் மரம் எதுவென்று அறிய வேண்டும். பைன், ஸ்புரூஸ், சீடர் போன்றவற்றின் அடிக்கட்டை திரும்ப முளைக்காது. வெட்டியதோடு விடயம் முடிந்தது. மனிற்றோபா மேப்பிள் அடிக்கட்டையைச் சுற்றி முளைக்கும். பொப்லர், சுமாக், லைலாக், பிளக் லோகஸ்ற் என்பவை தூர ஓடும் வேரிலிருந்தே முளைப்பவை. எல்லாவற்றிலும் மோசமானது ‘ட்ரீ ஒவ் ஹெவன்’. பெயரில் மட்டும்தான் சொர்க்கம். 1784 இல் பிலடெல்பியாவுக்கு அழகு மரமாகக் கொண்டுவரப்பட்ட சீன மரம் இது. இலையைக் கசக்கினால் கெட்டுப்போன கச்சான் மணக்கும். சுமாக் இலையின் ஓரம் முழுவதும் பல் வெட்டு இருக்கும். இதற்கு அடியில் மட்டும் ஓரிரு பற்கள். வெறுமனே தறித்தால் ஒன்றுக்குப் பலவாகப் பெருகுவதில் இதை மிஞ்ச ஆளில்லை.

ஒரு தளிரைத் தோண்டிப் பாருங்கள். நேராக இறங்கும் சொந்த வேர் இருந்தால் அது விதையில் முளைத்த கன்று. மழை பெய்து மண் இளகியதும் பிடுங்கிவிடலாம். கிடையாக ஓடும் தடித்த வேரில் ஒட்டியிருந்தால் அது வேர்த்தளிர். பிளம், செரி போன்ற ஒட்டு மரங்களில் ஒட்டுக்குக் கீழே வருவதும் இந்த வகைதான். அதை வெட்டாமல் வேரோடு கிழித்தெடுப்பது நல்லது.

வேர்த்தளிருக்கு மருந்து பொறுமை. வசந்தத்தில் இலை விரிக்க வேர் தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. இலை முற்றாக விரியும் யூன் மாத அளவில் கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும். முதல் வெட்டு அப்போது. பிறகு தளிர் சாணளவு எழும்ப முன்னரே திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். புல்தரையென்றால் கிழமைக்கொரு தடவை புல்வெட்டும் இயந்திரம் ஓடினாலே போதும். இரண்டு மூன்று கோடை எடுக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் ஆறு கிழமையில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆறு கிழமை வேருக்குப் பெரிய வைப்பு. இயந்திரத்தால் அடிக்கட்டையை அரைப்பிக்கப் பணம் கொடுப்போர், அது சுமார் 15 முதல் 30 சென்ரிமீற்றர் ஆழம்தான் போகும், பக்க வேர்கள் உயிரோடிருக்கும் என்பதையும் அறிந்துகொண்டு கொடுக்கட்டும்.

மருந்தடிப்போம் என்றால் ஒன்ராறியோவில் 2009 முதல் வீட்டு வளவுகளில் அழகுக்காகக் களைகொல்லி பாவிப்பது தடை. பொய்சன் ஐவி போன்ற தொட்டாலே நஞ்சான செடிகளுக்கு விதிவிலக்கு உண்டு. எல்லை கடந்து வாங்கி வருவது தீர்வல்ல. உப்பு, டீசல், புளீச் ஊற்றும் கைவைத்தியம் இன்னும் மோசம். மண்ணையும் அயலவர் மரத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

இனி மிகக் கவனம் தேவைப்படும் இடம். ரொறன்ரோவில் நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரத்தைச் சொந்த வளவிலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது. அதன் வேரைச் சேதப்படுத்துவதும் குற்றமே. தண்டப் பணம் மரமொன்றுக்கு 500 டொலரில் தொடங்கி 100,000 டொலர் வரை போகலாம். ஸ்காபரோவில் பலரது பின்வளவு பள்ளத்தாக்குப் பாதுகாப்பு எல்லைக்குள் வரும். அங்கே எந்த அளவு மரத்துக்கும் அனுமதி வேண்டும். முன்வளவில் வீதியோரமாக நிற்பது பெரும்பாலும் மாநகரசபையின் மரம்.

எல்லை மரம் வேறு கதை. அடிமரம் இரு காணிகளின் எல்லையில் நின்றால், ஒன்ராறியோ வனச் சட்டப்படி அது இருவருக்கும் பொதுச் சொத்து. அயலவரின் சம்மதமின்றி வெட்டுவது குற்றம். ஊரின் வேலிச் சண்டையை இங்கும் கொண்டுவந்து, சட்டத்தரணிக்குக் கட்டணம் கட்ட வேண்டாம். முதலில் கதவைத் தட்டிக் கதையுங்கள், சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கழிவுக்குழாய்க்குள் வேர் போய்விட்டதென்று மரத்தைக் குற்றம் சொல்வார்கள். நல்ல குழாயை வேர் உடைப்பது அரிது; வெடிப்பிலும் பழைய மண்குழாயின் மூட்டிலும் கசியும் ஈரத்தைத் தேடியே அது நுழைகிறது. மரத்தைத் தறித்தாலும் கசிவு அப்படியே இருக்கும். கமராவை விட்டுப் பார்த்து, பழுதான துண்டை மாற்றுவதே வேலை. காணி எல்லை வரையான குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு, அதற்கப்பால் மாநகரசபையின் பொறுப்பு. அடைப்பு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், தனியார் ஆளைப் பிடிக்க முன் 311 ஐ அழையுங்கள்.

வேரைத் தோண்டி எடுக்கப் போகிறவர்கள் அலவாங்கைத் தொட முன் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவிக்க வேண்டும். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள்.