கோடை விடுமுறையும் நீதிப் பணியும்

அமெரிக்காவில் சட்டக் கல்வி மூன்று ஆண்டுகள். இடையில் இரண்டு கோடை விடுமுறைகள் வருகின்றன. பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் அக்காலத்தில் மாணவர்களை நல்ல ஊதியத்தில் அமர்த்தி, தகுதியுடையோரைப் பட்டம் பெற்றபின் நிலையாகச் சேர்த்துக்கொள்கின்றன. ஏழைகளுக்காக வழக்காடும் அமைப்புகளுக்கோ அவ்வாறு ஊதியம் தர வசதியில்லை. ஆகவே ஒரு மாணவர் கோடையில் எங்கே பணியாற்றுகிறார் என்பது, பிற்காலத்தில் யாருக்காக வாதாடுவார் என்பதையும் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. இந்நிலையை மாற்ற அந்நாட்டு மாணவர்கள் மேற்கொண்ட முயற்சி நாம் அறிய வேண்டிய வரலாறாகும்.

1963ஆம் ஆண்டு இதில் குறிப்பிடத்தக்கது. கடும் குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது அவ்வாண்டில்தான். சட்ட மாணவர்கள் தங்களுக்கென ஒரு குடிமை உரிமை ஆய்வு மன்றத்தை நிறுவியதும் அவ்வாண்டிலேயே. கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளை ஏற்க முன்வந்த வழக்கறிஞர்கள் தென்மாநிலங்களில் மிகச் சிலரே இருந்தனர். கோடையில் அங்கே சென்ற மாணவர்கள் அவர்களுக்குத் துணை நின்றனர்.

1968ஆம் ஆண்டுக் கோடையில், ரால்ஃப் நேடர் என்னும் வழக்கறிஞரின் வழிகாட்டுதலில் ஏழு இளைஞர்கள் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் செயல்பாட்டை ஆராய்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சட்டம் பயின்றவர்கள். நுகர்வோரைக் காக்க வேண்டிய ஆணையம் கடமை தவறிவிட்டது என்று 1969இல் அவர்கள் அறிக்கை வெளியிட்டனர். அதிபர் நிக்சனின் வேண்டுகோளின்படி ஆராய்ந்த அமெரிக்க வழக்கறிஞர் சங்கக் குழுவும் அக்குறைகளை உறுதி செய்தது. ஆணையமும் பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. ஒரு கோடையின் உழைப்பு இவ்வளவு பயன் தந்தது.

ஆயினும் நாம் கருத வேண்டிய ஒன்றுண்டு. அந்த எழுவருள் ஒருவர் முன்னாள் அதிபர் டாஃப்டின் கொள்ளுப்பேரன். கல்விக் கடனைச் சுமந்து, வாடகைக்கும் உணவுக்கும் கோடை வருமானத்தையே நம்பியிருக்கும் ஏழை வீட்டுப் பிள்ளை ஊதியமில்லாப் பணிக்கு எப்படிச் செல்ல முடியும்? ஏழைகளின் துயரை நன்கு அறிந்தவரே அவர்களுக்காகப் பணியாற்ற இயலாமற்போவது எவ்வளவு பெரிய இழப்பு!

இதற்குத் தீர்வு இரு வழிகளில் வந்தது. 1964ஆம் ஆண்டின் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தின் கீழ், படிக்கும்போதே பணியாற்றும் மாணவரின் ஊதியத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கும் திட்டம் பிறந்தது. பல சட்டக் கல்லூரிகள் அதனைக் கோடைப் பணிக்கும் பயன்படுத்தின. மற்றொரு வழியை மாணவர்களே கண்டனர். பெரிய நிறுவனங்களில் ஊதியம் பெற்றோர் அதில் ஒரு சிறு பகுதியை, சில இடங்களில் ஒரு நாள் ஊதியத்தை, பொதுநலப் பணிக்குச் செல்லும் உடன்பயில்வோருக்காக வழங்கினர். ஏலங்கள் நடத்தியும் நிதி திரட்டினர். 1986இல் மாணவர்களின் முயற்சியால் பொதுநலச் சட்டத்துக்கான தேசியச் சங்கம் உருவாயிற்று. ‘ஈக்வல் ஜஸ்டிஸ் ஒர்க்ஸ்’ என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது.

பொருளீட்டச் சென்றவர் நீதிப் பணிக்குச் சென்றவரைத் தாங்கினார் என்பதே இவ்வரலாற்றின் சாரம். தாமே செல்ல இயலாதவரும் அந்நற்பணியில் பங்குகொண்டனர். நம் குடும்பங்களிலும் சட்டம் பயிலும் பிள்ளைகள் பெருகி வருகின்றனர். அவர்களின் கல்விக் கட்டணத்துக்கு உதவும் நல்லுள்ளங்கள், விடுமுறையில் எளியோருக்காக வழக்காடும் வழக்கறிஞரிடம் அவர்கள் பயிற்சி பெறுவதற்கான பயணச் செலவையும் உணவுச் செலவையும் ஏற்றுக்கொண்டால், பட்டத்தோடு பணியின் திசையையும் அவர்கள் பெறுவார்கள்.